பகலில் கேம் ஷோ... இரவில் கொலை? சக் பேரிஸ் சொன்ன 33 பேர் கதை!

அது ஒரு டி.வி கேம் ஷோ. மறைவில் உட்கார்ந்திருக்கும் மூன்று இளைஞர்களிடம் ஓர் இளம்பெண் கேள்வி கேட்கிறாள். முகம் பார்க்காமலே, பதில் பிடித்த ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறாள். ஜோடி சேர்ந்ததும் பரிசாக வெளிநாட்டுப் பயணம். கடற்கரை, வெயில், தென்னை மரம் என்று இருவரும் கனவில் மிதந்தால், கையில் கிடைப்பதோ பனி கொட்டும் ஹெல்சிங்கிக்கு டிக்கெட்!

ஏன் ஹெல்சிங்கி? ஜோடிக்குத் துணையாகப் போகிற தயாரிப்பாளருக்கு அங்கே வேறொரு வேலை இருக்கிறது. ஒருவரைத் தீர்த்துக்கட்டிவிட்டு வரவேண்டும்.

2002-ல் வெளியான 'கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ டேஞ்சரஸ் மைண்ட்' படத்தில் இப்படித்தான் நடக்கிறது. ஸ்பை காமெடி என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால், இது பயோபிக். அந்தத் தயாரிப்பாளர் நிஜ மனிதர். 'நான் சி.ஐ.ஏ-வுக்காக 33 பேரைக் கொன்றேன்' என்று தன் சுயசரிதையில் எழுதியவரும் அவரேதான்!

யார் இந்த சக்?

சக் பேரிஸ், 1929-ல் பிலடெல்பியாவில் பிறந்தவர். டி.வி-யில் எப்படியாவது நுழைந்துவிட வேண்டும் என்று அலைந்தவருக்கு ஏ.பி.சி நிறுவனத்தில் கிடைத்த ஆரம்ப வேலையே சுவாரஸ்யமானது. அப்போது, பாட்டை ஒலிபரப்ப ரெக்கார்டு கம்பெனிகளிடம் லஞ்சம் வாங்குகிறார்கள் என்று அமெரிக்காவில் பெரிய சர்ச்சை. பிரபல இசை நிகழ்ச்சித் தொகுப்பாளர் டிக் கிளார்க்கைப் பக்கத்திலேயே இருந்து கவனிக்க சக்கை அனுப்பினார்கள். சந்தேகமில்லாமல் அவர் செய்த 'உளவு வேலை' என்றால் இது ஒன்றுதான்!

இடையில் அவர் எழுதிய 'பாலிசேட்ஸ் பார்க்' பாட்டு 1962-ல் சூப்பர் ஹிட். 1965-ல் 'தி டேட்டிங் கேம்', அடுத்த வருடமே 'தி நியூலிவெட் கேம்'. புதுமணத் தம்பதிகளைத் தனித்தனியாகக் கேள்வி கேட்டு, பதில் பொருந்துகிறதா என்று பார்க்கும் விளையாட்டு. நம்ம ஊர் சேனல்களிலும் இதன் பேரன், பேத்திகளைப் பார்த்திருப்பீர்கள்.

1976-ல் வந்தது 'தி காங் ஷோ'. யார் வேண்டுமானாலும் மேடையேறி எந்த வித்தையும் காட்டலாம். சகிக்கவில்லை என்றால் நடுவர்கள் எழுந்து பெரிய வெண்கலத் தட்டில் ஓங்கி ஒரு அடி. அவ்வளவுதான், ஆட்டம் க்ளோஸ். ஜெயித்தால் பரிசு 516 டாலர் 32 சென்ட். அந்தச் சில்லறையும் சேர்த்தே காமெடி! தொகுப்பாளராக வந்த சக், கண்ணை மறைக்கும் தொப்பியும் ஓயாத கைதட்டலுமாகத் தானே ஒரு கோமாளிபோல நிற்பார். அமெரிக்காவே விழுந்து விழுந்து சிரித்தது.

பத்திரிகைகள் சிரிக்கவில்லை. குப்பை நிகழ்ச்சிகளின் ராஜா என்றன. மக்களின் ரசனையைக் கெடுத்தவர், அப்பாவிகளை மேடையேற்றி அவமானப்படுத்துகிறவர் என்று போகிற இடமெல்லாம் திட்டு. 1980-ல் அவரே இயக்கி நடித்த 'தி காங் ஷோ மூவி'யும் தோல்வி. நொறுங்கிப்போனார் மனிதர்.

விடுதி அறையில் பிறந்த கதை

படம் அங்கேதான் தொடங்குகிறது. 1981. நியூயார்க்கில் ஒரு விடுதி அறை. தாடி மண்டி, யார் வந்தாலும் கதவைத் திறக்காமல், டி.வி முன்னால் நிற்கிறார் சக். அங்கிருந்து தன் 'வாக்குமூலத்தை' எழுதத் தொடங்குகிறார்.

நிஜத்தில் அந்தப் புத்தகம் 1984-ல் வந்தது. அட்டையிலேயே ஒரு குறும்பு: 'அங்கீகரிக்கப்படாத சுயசரிதை'. தன் கதையைத் தானே எழுத, யாருடைய அங்கீகாரம் வேண்டுமாம்!

புத்தகம் வந்த சமயத்தில் ஒரு டி.வி பேட்டியில், தான் கொலையாளி இல்லை என்று சக்கே ஒப்புக்கொண்டார். சி.ஐ.ஏ-வில் சேர விண்ணப்பித்தது மட்டும் உண்மையாம், அதற்குள் டி.வி வேலை கிடைத்துவிட்டதாம். இரண்டையும் செய்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்ததன் விளைவுதான் இந்தக் கதை என்றார். அதோடு விட்டாரா? படம் வந்தபோது 'ஆமாம்' என்றும் சொல்லவில்லை, 'இல்லை' என்றும் சொல்லவில்லை. சி.ஐ.ஏ தரப்போ, மனிதர் அந்த வெண்கலத் தட்டுக்குப் பக்கத்தில் ரொம்ப நாள் நின்றுவிட்டார் போல என்று கிண்டலடித்து மறுத்தது.

கொலைகாரன் என்று ஒருவர் தன்னைத்தானே ஏன் சொல்லிக்கொள்ள வேண்டும்? சக்கின் குமுறல் ஒன்றில் பதில் இருக்கிறது. மக்களைச் சிரிக்கவைத்ததற்காக என்னைச் சிலுவையில் அறைகிறார்கள். ஆளைக் கொன்றால் பதக்கம் தருகிறார்கள் என்பது அவர் வாதம். நாட்டுக்காக ரகசியமாகக் கொன்றவன் என்றால் ஒரு கனம் இருக்கிறது. வெண்கலத் தட்டு அடித்தவன் என்றால்? அந்த வெட்கம்தான் 33 பேரைக் 'கொன்றது'.

குளூனியின் முதல் படம்

பல வருடங்கள் பல இயக்குநர்களிடம் கைமாறிய கதை இது. கடைசியில் நடிகர் ஜார்ஜ் குளூனி இயக்கினார். அவருக்கு இதுதான் முதல் படம். அவருடைய அப்பா நிக் குளூனியும் டி.வி தொகுப்பாளர், ஒரு கேம் ஷோவும் நடத்தியவர். அந்த செட்டுகளின் வாசனை மகனுக்குத் தெரியும். சுற்றிப்பார்க்க வந்த கூட்டத்தில் ஒருவராக இருக்கும் சக், கேமரா நகர்ந்து திரும்புவதற்குள் அந்த ஸ்டூடியோவின் ஊழியராகவே நிற்கும் ஷாட் ஒன்று போதும், இயக்குநர் பெயரைச் சொல்ல!

சக்காக நடித்த சாம் ராக்வெல், 2003 பெர்லின் விழாவில் சிறந்த நடிகருக்கான வெள்ளிக் கரடி விருது வாங்கினார். ஜூலியா ராபர்ட்ஸ், ட்ரூ பேரிமோர் இருக்கிறார்கள். டேட்டிங் கேமில் தேர்வாகாமல் உட்கார்ந்திருக்கும் இருவரை உற்றுப் பாருங்கள்... பிராட் பிட், மேட் டேமன்! திரைக்கதை எழுதிய சார்லி காஃப்மேனுக்கு மட்டும், குளூனி செய்த மாற்றங்களில் கடும் வருத்தம்.

படத்தின் நடுநடுவே டிக் கிளார்க் போன்ற நிஜ மனிதர்கள் வந்து சக்கைப் பற்றிப் பேசுகிறார்கள். 'அப்போ உண்மையா?' என்று நிமிர்ந்து உட்கார வைக்கிறார்கள். படமோ கடைசிவரை பதில் சொல்லவில்லை. திருமணம் முடிந்து காரில் போகும்போது, புது மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார் சக். அவள் சிரிக்கிறாள். ஜோக் என்று நினைத்துவிடுகிறாள். வாழ்நாள் முழுக்க ஊரைச் சிரிக்கவைத்தவனுக்கு, நம்பிக் கேட்க ஓர் ஆள் இல்லை. படத்தில் சட்டென்று மனம் கனத்துப்போகும் இடம் இது.

படத்தில் வராத ஒரு துயரமும் உண்டு. சக்கின் ஒரே மகள் டெல்லா, 1998-ல் போதைக்கு இரையாகி இறந்துபோனார். வயது 36. கொலைக் கதையை 1984-லேயே எழுதிவிட்ட அப்பா, மகளைப் பற்றிய புத்தகத்தைக் கொண்டுவந்தது 2010-ல்தான். 'டெல்லா' என்றே பெயர். அதில் சி.ஐ.ஏ-வின் சாகசங்களுக்கு என்ன வேலை?

2017-ல், 87 வயதில் சக் காலமானார்.

படத்தின் முடிவில் நிஜ சக்கின் முகம் திரைக்கு வருகிறது. அப்போது புதிதாக ஒரு கேம் ஷோ யோசனை சொல்லப்படுகிறது. மேடையில் மூன்று முதியவர்கள். கையில் துப்பாக்கி. தாங்கள் யாராக இருந்தோம், என்ன சாதித்தோம், கண்ட கனவுக்கு எவ்வளவு அருகில் போனோம் என்று திரும்பிப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகும் உயிரோடு இருப்பவர்தான் வெற்றியாளர்.

பரிசு, ஒரு ஃபிரிட்ஜ்.