கடற்படை பயிற்சி எடுத்தால் திமிங்கலம் சாகுமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

2011 மார்ச் 4. கலிபோர்னியாவில் சான் டியாகோவை ஒட்டிய சில்வர் ஸ்ட்ராண்ட் கடற்பகுதி. நீருக்கடியில் வெடிவைக்கும் பயிற்சியில் இருந்தார்கள் அமெரிக்கக் கடற்படையினர். சுற்றிலும் 640 மீட்டருக்கு எதுவும் தென்படவில்லை என்று பார்த்துவிட்டு, குறித்த நேரம் கழித்து வெடிக்கும் திரியை முடுக்கினார்கள். வெடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில், நூறு நூற்றைம்பது டால்பின்கள் கொண்ட கூட்டம் ஒன்று அந்த வட்டத்தை நோக்கி வந்தது. திரியைப் பிடுங்க ஆளை இறக்க முடியாது. இறக்கினால் ஆளும் போவான். சிறு படகை ஓட்டிக் கூட்டத்தைத் திருப்பப் பார்த்தார்கள். திரும்பவில்லை. மூன்று டால்பின்கள் அங்கேயே செத்தன. நான்காவது மூன்று நாள் கழித்து வடக்கே கரை ஒதுங்கியது.

யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. செய்யவேண்டிய சோதனையைச் செய்துவிட்டுத்தான் திரியைத் தொட்டார்கள். கடலில் நடக்கும் ராணுவப் பயிற்சியின் பாதிப்பை முன்கூட்டியே மதிப்பிடுவது எவ்வளவு சிக்கலான வேலை என்பதற்கு அந்த ஐந்து நிமிடமே போதும். அந்த மதிப்பீடு எப்படி நடக்கிறது, அதில் என்ன ஓட்டை, என்ன பலன் என்று பொதுவாக எழும் சந்தேகங்களை இங்கே பார்க்கலாம். இதில் அதிகம் எழுதப்பட்டதும் அதிகம் வழக்காடப்பட்டதும் அமெரிக்காவில்தான். எனவே பேச்சு பெரும்பாலும் அந்தக் கடலைப் பற்றியதுதான்.

போர் நடக்கவில்லை, வெறும் பயிற்சிதானே. இதற்கு எதற்குச் சுற்றுச்சூழல் அறிக்கை?

போர் எப்போதோ வருவது. பயிற்சி வருடா வருடம் நடப்பது. அதே கடல், அதே கப்பல்கள், பெரும்பாலும் அதே மாதங்கள். அமெரிக்காவில் 1970 ஜனவரி 1இல் கையெழுத்தான தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தின்படி, மத்திய அரசின் எந்தத் துறையும் பெரிய காரியத்தில் இறங்குமுன் அதன் விளைவை எழுதி, மக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும். கடற்படையும் அதில் அடக்கம். இதுபோக, 1972இல் வந்த கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டப்படி திமிங்கலத்தையோ டால்பினையோ தொந்தரவு செய்யக்கூட முன் அனுமதி வேண்டும். அந்த அனுமதியைக் கொடுப்பது தேசியக் கடல் மீன்வளத் துறை. 2003 இறுதியில் நாடாளுமன்றம் ராணுவத்துக்காக இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தியது. ‘தொந்தரவு’ என்பதற்கான வரையறையே ராணுவத்துக்கு வேறு, எண்ணெய்க் கம்பெனிக்கு வேறு என்று ஆனது. ஆனால் அனுமதியே வேண்டாம் என்று விடவில்லை.

சோனார் என்பது மீன்பிடி விசைப்படகிலேயே இருக்கிறதே. அதில் என்ன ஆபத்து?

விசைப்படகில் இருப்பது எக்கோ சவுண்டர். மெல்லிய ஒலியைப் படகுக்கு நேர் கீழே அனுப்பி ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டும். நீர்மூழ்கியைத் தேடும் போர்க்கப்பல் சோனார் அப்படியல்ல. அது பக்கவாட்டில், பல கிலோமீட்டர் தொலைவுக்கு ஒலியைச் செலுத்துகிறது. அமெரிக்க நாசகாரிக் கப்பல்களில் உள்ள எஸ்கியூஎஸ்-53சி வகை சோனாரின் வலிமை 235 டெசிபல்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த 235ஐ எடுத்து ‘ஜெட் விமானத்தைவிடப் பல கோடி மடங்கு சத்தம்’ என்று எழுதுபவர்கள் உண்டு. அது தப்புக் கணக்கு. காற்றில் டெசிபலை அளக்கும் அடிப்படை வேறு, தண்ணீரில் வேறு. ஒப்பிட வேண்டுமானால் சுமார் 62ஐக் கழிக்க வேண்டும். கழித்த பிறகு மிஞ்சுவதும் காதைக் கிழிக்கும் ஒலிதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மிகைப்படுத்தினால் எதிர்த்தரப்பு அந்த ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு மொத்த வழக்கையும் தள்ளிவிடும்.

சோனாரால் திமிங்கலம் செத்தது என்பதற்கு ஆதாரம் உண்டா, இல்லை வதந்தியா?

ஆதாரம் உண்டு. 2000 மார்ச் 15, 16 தேதிகளில் பஹாமாஸ் தீவுகளில், 36 மணி நேரத்துக்குள் 17 திமிங்கலங்களும் டால்பின்களும் கரையேறின. ஏழு இறந்தன. பெரும்பாலானவை அலகுத் திமிங்கலங்கள். நடுக்கடலில் ஆழத்தில் இரைதேடும், மனிதர் கண்ணில் அதிகம் படாத இனம். அவற்றையே பல ஆண்டுகளாக ஆராய்ந்துவந்த கென் பால்காம் அப்போது அந்தத் தீவில்தான் குடியிருந்தார். அவர் முன்னாள் கடற்படை அதிகாரி. இறந்தவற்றின் தலைகளை அழுகவிடாமல் உறைநிலையில் காப்பாற்றி வைத்தார். இல்லாவிட்டால், வெயிலில் கிடந்த உடலை வைத்துக்கொண்டு யாரும் எதையும் சொல்லியிருக்க முடியாது. ஆய்வில் காதைச் சுற்றி ரத்தக்கசிவு தெரிந்தது. எந்தக் கப்பல் எந்நேரம் எங்கே சோனார் போட்டது என்ற பதிவை வைத்து ஒலி பரவிய விதத்தைத் திரும்பக் கணக்கிட்டார்கள். 2001 டிசம்பரில் கடற்படையும் மீன்வளத் துறையும் சேர்ந்தே வெளியிட்ட இடைக்கால அறிக்கை, கப்பல் சோனாரையே மிகப் பொருத்தமான காரணமாகச் சொன்னது. குறுகலான கால்வாய், செங்குத்தான கடலடி, ஒலியை மேல்மட்டத்திலேயே தங்கவைக்கும் நீரின் தன்மை, ஒரே நேரத்தில் பல கப்பல்கள் என்று எல்லாம் கூடிவந்த நாள் அது.

இரண்டாண்டு கழித்து, 2002 செப்டம்பரில், ஸ்பெயினின் கேனரி தீவுகள் அருகே நடந்த பன்னாட்டுப் பயிற்சியின்போது 14 அலகுத் திமிங்கலங்கள் கரையேறின. அவற்றின் உடலில் வாயுக் குமிழிகள் இருந்தன. தூத்துக்குடிப் பக்கம் கம்ப்ரஸர் குழாயைக் கடித்துக்கொண்டு சங்கு குளிப்பவர்கள் அவசரமாக மேலே வந்தால் மூட்டு முடங்கிப் போகிறதே, அதுபோன்ற கோளாறு. பிறந்ததிலிருந்து மூழ்கி எழுந்தே வாழும் விலங்குக்கு அது ஏன் வர வேண்டும்? ஒலியில் மிரண்டு, மூழ்கும் முறையே குலைந்துபோவதால் வருகிறது என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் விளக்கம். அதாவது ஒலி நேராகக் கொல்லவில்லை. மிரட்டுகிறது, மிரட்சி கொல்கிறது.

ஐந்தாண்டில் 96 லட்சம் முறை பாதிப்பு என்று செய்தி வந்ததே. கடலில் அத்தனை திமிங்கலம் இருக்கிறதா?

இல்லை. ஹவாய், தெற்குக் கலிபோர்னியா பயிற்சிகளுக்கு 2013இல் கொடுத்த அனுமதியை ஒட்டிப் பேசப்பட்ட எண் அது. எண்ணுவது விலங்குகளை அல்ல, சம்பவங்களை. ஒரே டால்பின் ஐம்பது நாள் ஐம்பது முறை சோனாரைக் கேட்டு விலகிப் போனால் கணக்கில் ஐம்பது.

எண் வரும் வழி இதுதான். முதலில், எந்தச் சதுர கிலோமீட்டரில் எந்த இனம் எத்தனை என்று கப்பலிலும் விமானத்திலும் போய்க் கணக்கெடுத்த வரைபடம். பிறகு கணினிக்குள் ஒரு பொய்க் கடல். அதில் பொய்த் திமிங்கலங்களை நீந்தவிட்டு, பொய்க் கப்பலிலிருந்து சோனாரை ஒலிக்கவிடுவார்கள். எத்தனை விலங்கின் மேல் எவ்வளவு ஒலி பட்டது என்று இயந்திரம் எண்ணும். காயம் உண்டாக்கும் அளவைத் தாண்டினால் ‘ஏ’ நிலை. நடத்தை மாறினாலோ காது தற்காலிகமாக மந்தமானாலோ ‘பி’ நிலை. அந்த 96 லட்சத்தில் மிகப் பெரும்பகுதி ‘பி’.

இதில் சறுக்கும் இடம் முதல் படிதான். அலகுத் திமிங்கலம் போன்ற ஒளிந்து வாழும் இனத்தைக் கணக்கெடுப்பதே கஷ்டம். அங்கே பத்துக்கு இருபது என்று தப்பினால், கடைசியில் வரும் எண்ணும் அப்படியே இரட்டிக்கும். தசம புள்ளி வரை அச்சிட்ட அட்டவணையைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. மயங்கவும் வேண்டியதில்லை.

அறிக்கை எழுதுவதும் கடற்படை, பயிற்சி நடத்துவதும் கடற்படை. திருடன் கையில் சாவி கொடுத்த கதையல்லவா?

நியாயமான சந்தேகம். 2007இல் தெற்குக் கலிபோர்னியாவில் 14 பெரும் பயிற்சிகளுக்காகக் கடற்படை ஒரு சுருக்க மதிப்பீடு எழுதியது. ‘குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை, முழு அறிக்கை தேவையில்லை’ என்பது முடிவு. அதே ஆவணத்தின் கணக்குப்படி சுமார் 1,70,000 நடத்தைத் தொந்தரவு, 564 ‘ஏ’ நிலைப் பாதிப்பு. இயற்கைவளப் பாதுகாப்புக்கான தன்னார்வ அமைப்பான என்ஆர்டிசி நீதிமன்றம் போனது. கீழ் நீதிமன்றம் ஆறு நிபந்தனைகள் விதித்தது. நான்கைக் கடற்படை ஏற்றது. 2,200 கெஜத்துக்குள் பாலூட்டி தெரிந்தால் சோனாரை அணைக்க வேண்டும் என்பது உட்பட இரண்டை எதிர்த்தது. 2008 நவம்பர் 12இல் உச்ச நீதிமன்றம் அந்த இரண்டையும் நீக்கியது. பயிற்சியின் அவசியம் பெரிது என்றது.

கடற்படை ஜெயித்தது என்று அதோடு பலர் படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் முழு அறிக்கை தேவையா இல்லையா என்ற கேள்விக்குள் உச்ச நீதிமன்றம் போகவே இல்லை. கடற்படை அதற்குள் முழு அறிக்கையையே எழுதத் தொடங்கியிருந்தது. 2015 மார்ச்சில் ஹவாய் நீதிமன்றத்தில் காற்று திசை மாறியது. மேலே சொன்ன அந்த 2013 அனுமதியைக் கொடுத்த விதம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பானது. வழக்கு போட்டவர்கள் கையிலெடுத்த ஆயுதம் வேறொன்றுமில்லை, கடற்படையே எழுதிக்கொடுத்த எண்கள்தான். இந்த மதிப்பீட்டின் உண்மையான பயன் இதுதான் என்பது என் கருத்து. அது பயிற்சியைத் தடுப்பதில்லை. ஆனால் நடக்கப்போவதை முன்கூட்டியே எழுதிவைக்கச் செய்கிறது. எழுதியதை வைத்துத்தான் வாதாட முடியும்.

கப்பலில் ஆள் நிறுத்திப் பார்த்துக்கொண்டால் போதாதா?

அதுதான் நடைமுறை. கண்காணிப்பாளர் தொலைநோக்கியோடு நிற்பார். 1,000 கெஜத்துக்குள் திமிங்கலம் தெரிந்தால் சோனாரை 6 டெசிபல் குறைப்பது, 500 கெஜத்தில் 10 டெசிபல், 200 கெஜத்தில் அணைத்துவிடுவது என்பது நெடுங்கால விதி. முதுகு காட்டி நீர் பீய்ச்சும் பெரிய திமிங்கலத்துக்கு இது உதவும். அதிகம் பாதிக்கப்படும் குவியர் அலகுத் திமிங்கலமோ சர்வசாதாரணமாக ஒரு மணி நேரம் மூழ்கியிருக்கும். 3 மணி 42 நிமிடம் மூழ்கியிருந்ததும் பதிவாகியிருக்கிறது. மேலே வந்தாலும் சில நிமிடம்தான். அலை புரளும் கடலில், சாம்பல் நிற முதுகு, இரவு நேரம் வேறு. யார் பார்ப்பது?

பலன் தருவது இடத்தையும் காலத்தையும் மாற்றுவதுதான். ஸ்பெயின் 2004இல் கேனரி தீவுகளைச் சுற்றிப் போர்ப்பயிற்சி சோனாரைத் தடைசெய்தது. அடுத்த பத்தாண்டுக் காலத்தில் அங்கே கூட்டக் கரையேற்றம் எதுவும் பதிவாகவில்லை. 2015 செப்டம்பரில் ஹவாய் வழக்கு சமரசத்தில் முடிந்தபோதும், ஹவாய்த் தீவைச் சுற்றியும் கலிபோர்னியாவில் சில தீவுகளுக்கு இடையிலும் சோனாரையும் வெடியையும் தவிர்க்கவோ குறைக்கவோ கடற்படை ஒப்புக்கொண்டது, 2018 இறுதி வரை. நாடு ஒன்றும் மூழ்கிப் போய்விடவில்லை.

எல்லாவற்றையும் கணினியிலேயே பயிற்சி எடுத்தால் என்ன?

ஓரளவு அப்படித்தான் நடக்கிறது. ஆனால் உப்பும் வெப்பமும் மாறும் நீரில் ஒலி வளையும் விதம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி. பேட்டரியில் ஓடும் டீசல் நீர்மூழ்கி ஏறக்குறைய சத்தமே போடாது. அதைத் தேடிப் பழக நிஜக் கடல் வேண்டும் என்ற கடற்படையின் வாதத்தைச் சட்டென்று தள்ள முடியாது.

சோனாரைத் தவிர வேறு பாதிப்பு இல்லையா?

உண்டு. 2021 மே மாதம், பயிற்சிக்காகப் போயிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் ‘சிட்னி’, சான் டியாகோ துறைமுகத்துக்குள் வந்தபோது, அடியில் சிக்கியிருந்த இரண்டு துடுப்புத் திமிங்கலங்கள் பிணமாக மிதந்தன. துறைமுகம் வரும் வரை கப்பலில் யாருக்கும் தெரியாது. பழைய கப்பலைக் குறிபார்த்து மூழ்கடிக்கும் பயிற்சியும் இருக்கிறது. அதற்குக் கரையிலிருந்து 50 கடல் மைல், 6,000 அடி ஆழம், முன்கூட்டியே நச்சுப் பொருள் அகற்றல் என்று தனி விதி.

2016இல் மணப்பாடு கரையில் திமிங்கலங்கள் ஒதுங்கியதே, அதுவும் சோனார்தானா?

அந்த ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டக் கரையில் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஏறின. மீனவர்கள் படகில் கட்டி இழுத்து ஆழத்தில் விட்டார்கள். சில திரும்பவும் கரைக்கே வந்தன. பாதிக்கு மேல் இறந்தன. சோனார்தான் என்று சொல்ல ஆதாரம் வெளிவரவில்லை. இது அலகுத் திமிங்கலமும் அல்ல. கூட்டத்தோடு கூட்டமாகப் போய் மாட்டிக்கொள்வது பைலட் திமிங்கலத்தின் பழைய குணம். சோனார் பிறப்பதற்கு முன்பே உலகெங்கும் அது நடந்திருக்கிறது. இதே கரையில் 1973 ஜனவரியிலும் 147 ஏறின. 2020 நவம்பரில் இலங்கையின் பாணந்துறையில் சுமார் 120 ஏறியபோது, இரவோடு இரவாக அவற்றைக் கடலுக்குள் தள்ளியவர்களில் இலங்கைக் கடற்படையினரும் இருந்தார்கள்.

ஆனால் ‘சோனார் அல்ல’ என்று அடித்துச் சொல்லவும் வழியில்லை. நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பட்டியலிட்ட திட்டங்களுக்குத்தான் பொருந்தும். துறைமுகம் அதில் உண்டு, கடற்படைப் பயிற்சி இல்லை. பாதுகாப்புத் துறைத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பிலிருந்தும் விலக்கு. ஹவாய் கடலில் நடந்த ரிம்பாக் கூட்டுப் பயிற்சிக்கு 2024இல் நம் ஐஎன்எஸ் ஷிவாலிக் போய்வந்தது. அந்தக் கடலில் எந்த இனம் எத்தனை முறை தொந்தரவுபடும் என்று அச்சிட்ட அட்டவணை யாருக்கும் கிடைக்கும். பஹாமாஸில் கப்பல் பதிவையும் திமிங்கலத்தின் தலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மணப்பாட்டில் திமிங்கலங்கள் மட்டும் இருந்தன.