இலைக்கு அடியில பழுப்புக் கோடா? பயப்படாதீங்க!

‘இலைக்கு அடியில வரிசையா பழுப்புக் கோடு... பூச்சியா?’ பேர்ட்ஸ் நெஸ்ட் ஃபெர்ன் வளர்க்கிறவங்க என்கிட்ட அதிகம் கேட்கிறது இதைத்தான். மருந்து பாட்டிலைக் கீழே வைங்க. பூவும் விதையும் இல்லாத பெரணிச் செடி ஸ்போர் வழியாத்தான் பெருகும். அந்தக் கோடுகள் அதுதான். நடு நரம்பிலிருந்து சாய்வா, சீரா இருக்கும். தாறுமாறா ஒட்டியிருந்து, நகத்தால சுரண்டினா உரிஞ்சு வந்தா மட்டும் செதில் பூச்சி.

நான் பயப்படுறது தண்ணிக்குத்தான். காட்டுல இது மரக்கிளையில ஒட்டி வளர்ந்து, விழுற சருகைக் கூடு மாதிரி பிடிச்சு உரமாக்கிக்கும். வீட்டுக்குள்ள, காத்தோட்டம் இல்லாம, அந்தக் கூட்டுல தண்ணி தேங்கினா குருத்து அழுகிடும். புது இலை எல்லாம் அங்கிருந்துதான் வரணும். அதனால தொட்டி ஓரமா மட்டும் ஊத்துங்க. மண்ணுல தேங்காய் நார்க்கழிவும் மரப்பட்டைத் துண்டும் நிறைய கலந்திருக்கணும். நேர் வெயில், ஏசி காத்து ரெண்டும் படாத வெளிச்சமான மூலை போதும்.