மழைக்காலத்தில் மர மாதிரி விமானங்களின் இறக்கை முறுக்கிக்கொள்வது ஏன்?

பெங்களூரு: மார்ச் மாதப் பிற்பகல்களில் 30 சதவீத அளவுக்குக் குறையும் பெங்களூருவின் காற்று ஈரப்பதம், தென்மேற்குப் பருவமழைக் கால அதிகாலைகளில் 80 சதவீதத்தைத் தாண்டுகிறது. பால்சா மரத்தால் செய்யப்படும் மாதிரி விமானங்களுக்கு இந்த மாற்றமே பெரும் சோதனையாகும்.

சுற்றியுள்ள காற்றுக்கு ஏற்ப மரம் ஈரத்தை உறிஞ்சும் அல்லது வெளியிடும். காற்றின் ஈரப்பதம் 40 சதவீதமாக உள்ளபோது மரத்தில் சுமார் 8 சதவீத நீரும், 80 சதவீதமாக உயரும்போது சுமார் 16 சதவீத நீரும் இருக்கும். இதனால் பலகையின் நீளம் ஏறக்குறைய மாறுவதில்லை. ஆனால், 100 மில்லிமீட்டர் அகலமுள்ள பால்சா பலகை 2 மில்லிமீட்டர் வரை விரியக்கூடும். ஒரு பக்கம் மட்டும் வார்னிஷ் பூசியிருந்தால், மறுபக்கம் விரைவாக விரிந்து இறக்கை முறுக்கிக்கொள்ளும். அத்தகைய விமானம் ஒருபுறமாகச் சாய்ந்து தரையில் மோத நேரிடும்.

பெரிய விமானங்களும் இதற்கு விலக்கல்ல. 1944-ஆம் ஆண்டு இந்தியாவில், மரத்தாலான மஸ்கிட்டோ போர் விமானங்கள் சில வானிலேயே உடைந்ததால், அவற்றைப் பறக்கவிடுவது நிறுத்தப்பட்டது. வெப்பமண்டலப் பருவநிலையே காரணம் என முதலில் கருதப்பட்டது. மூட்டுகளை ஒட்டியதில் இருந்த குறைபாடுகள் பின்னர் விசாரணையில் தெரியவந்தன.

எனவே, இருபுறமும் சமமாகப் பூச்சு பூசுவதும், சமதளத்தில் வைத்துப் பாதுகாப்பதும், ஒவ்வொரு முறையும் பறக்கவிடும் முன் இறக்கையின் நேர்த்தன்மையைச் சரிபார்ப்பதும் அவசியம்.