ஓவியமும் வழிகாட்டியும்

செய்யுளுக்கு உரை எத்தகையதோ, நூதனசாலையில் வைக்கப்பட்ட ஓவியத்துக்கு வழிகாட்டியின் விளக்கமும் அத்தகையதே. உரையானது செய்யுளின் இடத்தைத் தான் கவர்ந்துகொள்ளல் ஆகாது. பொருள் விளங்காது கற்போன் மயங்கும் வேளையில் வாளாவிருத்தலும் ஆகாது. இவ்விரு கடமைகளுக்கும் இடையில் வழிகாட்டி எய்தும் இடர்ப்பாட்டை, யேர்மனிய ஓவியர் கேர்ஹார்ட் ரிக்டரின் ஓவியங்கள் நன்கு புலப்படுத்துகின்றன.

ரிக்டர் 1932ஆம் ஆண்டிலே டிரெஸ்டன் நகரிற் பிறந்தவர். நாசிகளின் ஆட்சியில் இளமையைக் கழித்தவர். 1961இல் கிழக்கு யேர்மனியை விட்டு மேற்கே சென்றவர். குடும்பப் புகைப்படங்களைப் பார்த்து 1965இல் அவர் தீட்டிய ஓவியங்களுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்றிலே போர்வீரர் உடையணிந்த மாமன் ரூடி நிற்கின்றார். அவர் போரில் மாண்டவர். மற்றொன்றிலே குழந்தையான ரிக்டருடன் இளம்பெண்ணாகிய மரியானா காணப்படுகின்றார். ஓவியரின் தாயுடன் பிறந்த அப்பெண், மனநோயுற்றமை காரணமாக அவ்வாட்சியினராலேயே அழிக்கப்பட்டார். இங்கு வழிகாட்டியின் பணி எளிது. உருவம் கண்முன் நிற்கின்றது. வரலாற்றை இரண்டொரு வாக்கியத்திற் கூறினாற் போதும்.

ஆனால், 2014இல் அவர் வரைந்த 'பிர்கெனாவ்' என்னும் நான்கு ஓவியங்களின் முன் நிலைமை வேறாகின்றது. ஒவ்வொன்றும் 260 சென்ரிமீற்றர் உயரமும் 200 சென்ரிமீற்றர் அகலமும் உடையது. கறுப்பு, சாம்பல், வெள்ளை, சிவப்பு, பச்சை ஆகிய நிறங்களின் படைகளும், அவை இழுக்கப்பட்ட சுவடுகளுமன்றி உருவம் எதுவும் அவற்றிற் புலப்படுவதில்லை. எனினும், அவற்றின் அடியில் வேறு சித்திரங்கள் புதைந்துள்ளன. 1944 ஓகஸ்டு மாதத்தில், ஆஷ்விற்ஸ்-பிர்கெனாவ் கொலை முகாமிலிருந்த கைதிகள் தம் உயிரைப் பணயம் வைத்து நான்கு புகைப்படங்களை மறைவாக எடுத்தனர். படச்சுருள் பற்பசைக் குழாயொன்றில் ஒளிக்கப்பட்டு வெளியே அனுப்பப்பட்டது. அப்படங்களையே ரிக்டர் முதலிற் சீலையில் வரைந்தார். அவ்வாறு வரைந்தமை அவருக்கு நிறைவளிக்கவில்லை. ஆகவே அவற்றின்மேல் வர்ணத்தைப் பூசியும், அகன்ற தட்டையான கருவியால் இழுத்தும் முழுவதையும் மூடிவிட்டார்.

இதனை வழிகாட்டி எப்பொழுது கூறுவது? முன்னரே கூறின், காண்போர் கண்ணாற் பாராது செவியாற் பார்ப்பர். ஒவ்வொரு சிவப்பும் அவர்க்குக் குருதியாகவே தோன்றும். கூறாதே விடின், கொடுந்துயரொன்றை அழகிய நிறக்கோலமென வியந்து அப்பாற் செல்வர். ஆதலின், முதலிற் சிறிது நேரம் அவர்களை அமைதியாகப் பார்க்கவிட்டு, கண்டது யாதென வினவி, அதன்பின் வரலாற்றை உரைத்து, மீண்டும் பார்க்கச் செய்தலே தக்க முறையாகும். ஓவியம் மாறவில்லை, காண்போன் மாறியுள்ளான்.

சொல்லின் துணை வேண்டும் ஓவியம் குறையுடையது என்பாரும் உளர். நடுகல்லும் எழுத்தின்றேல் வெறுங்கல்லே; அதனால் அது குறையுடையதாகாது. ஆயினும் ஒரு வரம்பை வழிகாட்டி மறத்தல் கூடாது. அடியிலுள்ள சித்திரத்தைக் கண்ணாற் காணுதல் இயலாது. அஃது அறியப்படுவதேயன்றிக் காணப்படுவதன்று. இவ்வேறுபாட்டை மறைத்து, 'இதோ புகை, இதோ உடல்' எனச் சுட்டிக்காட்டுபவன், ஓவியர் மூடியதைத் தன் கற்பனையால் திறந்தவனாவான்.

2023 ஏப்பிரலில், பேர்லின் நகரின் புதிய தேசிய ஓவியக்கூடத்தில் ரிக்டரின் 100 படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அங்கே இந்நான்கு ஓவியங்களின் எதிரில் நான்கு பகுதிகளாலான சாம்பல்நிறக் கண்ணாடி அமைக்கப்பட்டிருந்தது. அதனை நோக்குவோர் அவ்வோவியங்களின் நடுவே தம் உருவத்தையும் கண்டனர். அவ்விடத்தில் வழிகாட்டி உரைக்கவேண்டியது யாதுமில்லை. சற்று விலகி நிற்றலே அவன் கடன்.