எடுத்து வளர்த்தலும் மகவேற்பும்

பிள்ளையில்லாத வீட்டிலே பிறர் பிள்ளையொன்றை எடுத்து வளர்ப்பது எம்மவரிடையே புதிய வழக்கமன்று. தமக்கையின் பிள்ளையைத் தங்கை வளர்ப்பாள். ஐந்து பெண்களைப் பெற்றவர் கடைக்குட்டியைப் பிள்ளைப்பேறற்ற மைத்துனர் வீட்டிற்குக் கொடுப்பார். சின்னம்மாவை ‘அம்மா’ என்று அழைத்தே பிள்ளை வளரும். ஊரார் ஏற்றுக்கொள்வர், பாடசாலையிலும் ஆட்சேபம் இராது. இவ்வண்ணம் இருபது ஆண்டுகள் கழிந்தபின், வளர்த்தவர் மரணசாதனம் எழுதாமலே கண்ணை மூடிவிட்டாரெனின், சட்டத்தின் பார்வையில் அப்பிள்ளை அவ்வீட்டிற்கு யார் என்ற கேள்வி அன்றுதான் முதன்முதலாக எழும். அந்நியர் என்பதே விடை. வீடும் வளவும் இறந்தவரின் உடன்பிறந்தாருக்கும் அவர்தம் மக்களுக்கும் செல்லும். கொள்ளி வைத்த கைக்கு வீட்டுத் திறப்பு இல்லை.

எவரையும் அச்சுறுத்தும் நோக்குடன் இதனைக் கூறவில்லை. அன்போடு எடுத்து வளர்ப்பதற்கும் சட்டப்படி மகவாக ஏற்பதற்கும் இடையேயுள்ள வேறுபாட்டை எம் குடும்பங்களிற் பல அறியாதிருக்கின்றன. அறிந்தோரும் ‘எங்கள் பிள்ளைக்கு எதற்கு நீதிமன்றம்?’ என்று வாளாவிருந்துவிடுகின்றனர். அவ்வலட்சியத்தின் விலையைப் பின்னர் செலுத்துவது பிள்ளையே.

எம் முன்னோர் இவ்விடயத்தில் அத்துணை அலட்சியமாக இருந்தவரல்லர். ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1706–1707 ஆம் ஆண்டுகளில் தொகுத்தளித்த தேசவழமையிலே சுவீகாரத்திற்கெனத் தனிப்பகுதி உண்டு. நெருங்கிய உரித்தாளிகளின் சம்மதம் வேண்டும். மஞ்சள் நீர் பருகும் சடங்கு பலர் அறிய நடைபெறல் வேண்டும். அவ்வாறு உரிமை பெற்ற பிள்ளை தன்னைப் பெற்றாரின் முதுசத்தில் உரிமையை இழந்துவிடும். யார் சம்மதித்தார், யார் கண்டார், பிள்ளை எதைப் பெறுகிறது, எதை இழக்கிறது என்னும் வினாக்கள் அன்றே கேட்கப்பட்டுள்ளன. கண்டியச் சட்டமும் பகிரங்கமான பிரகடனத்தை வேண்டியது. 1938 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டம் அதற்கு நொத்தாரிசு உறுதியையும் அவசியமாக்கிற்று. ஆனால் நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோம ஒல்லாந்தச் சட்டம் மகவேற்பை அறவே அறியாதது. இங்கிலாந்திலே கூட 1926 ஆம் ஆண்டில்தான் முதன்முதலாக இதற்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் சாயலிலே இலங்கையில் எழுந்ததுதான் 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கப் பிள்ளைகள் மகவேற்புக் கட்டளைச் சட்டம். பின்னர் சில திருத்தங்களைப் பெற்ற இச்சட்டம் இன, சமய வேறுபாடின்றி எல்லோருக்கும் வழிவகுத்தது.

இச்சட்டத்தில் பலர் கவனியாத இன்னொரு கூறும் உண்டு. மகவேற்போடு, பிறர் பிள்ளையைத் தம் வீட்டில் வைத்திருப்போர் பொறுப்பாளராகத் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும் அது விதித்தது. ‘வளர்க்கிறோம்’ என்று பெற்றாரிடம் சொல்லி அழைத்து வந்து, அடுப்படியிலும் கிணற்றடியிலும் நிறுத்தப்பட்ட பிள்ளைகள் இந்நாட்டில் அநேகர். தேயிலைத் தோட்டங்களிலிருந்து கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அவ்வாறு வந்த சிறுவர் சிறுமியரின் கதையை எம் மூத்தோர் அறிவர். அந்த வீடுகளிலும் ‘வளர்ப்புப் பிள்ளை’ என்ற பெயரே வழங்கிற்று. ஒரே பெயருக்குள் மகளும் வேலைக்காரியும் ஒளிந்திருக்க முடிந்ததனாலன்றோ சட்டம் பதிவு கேட்டது!

இனி, மகவேற்க விரும்புவோர் செய்யவேண்டியது யாதெனப் பார்ப்போம். உறவினரின் பிள்ளையாயின் பெற்றாரின் சம்மதத்தோடு, சட்டத்தரணி மூலம் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பம் சமர்ப்பிக்கலாம். சிறுவர் இல்லத்துப் பிள்ளையாயின் மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தை முதலில் நாடவேண்டும். விவாகப் பதிவு, பிறப்புப் பதிவு, வருமானம், தேகசுகம் முதலியவற்றுக்குரிய பத்திரங்கள் கேட்கப்படும். எவ்வழியாயினும் நன்னடத்தை உத்தியோகத்தர் ஒருவர் வீட்டிற்கு வருவார். இவ்வருகையைப் பற்றி எம் பெண்மணிகள் கொள்ளும் கலக்கத்தை நாம் அறிவோம். சுவருக்கு வெள்ளையடிப்போரும் உளர். அவர் பார்க்க வருவது சுவரையன்று. பிள்ளை எங்கே உறங்கும், வீட்டிலுள்ள முதியோர் அதனை விரும்புகின்றனரா, ஏற்கெனவே பிள்ளைகள் இருப்பின் அவர்கள் என்ன நினைக்கின்றனர், பின்னர் சொந்தப் பிள்ளை பிறந்தால் இதன் நிலை யாது என்பனவற்றையே அவர் கேட்டறிவார். கணவனையும் மனைவியையும் தனித்தனியே வினாவினால் அதனை அவமதிப்பாகக் கொள்ளலாகாது. மாமியாரின் வற்புறுத்தலுக்காகத் தலையசைத்த மனைவி, தனியே கேட்கும்போதுதான் உண்மையைக் கூறுவாள்.

சட்டம் வயதெல்லைகளையும் வகுத்தது. ஏற்பவர் 25 வயதை அடைந்தவராகவும் பிள்ளையிலும் குறைந்தது 21 வயது மூத்தவராகவும் இருத்தல் வேண்டும். நெருங்கிய இரத்த உறவாயின் இவ்வயது வித்தியாசத்திற்குச் சில விலக்குகள் உண்டு. பிள்ளை 14 வயதிற்கு உட்பட்டதாய் இருத்தல் வேண்டும் என 1941 ஆம் ஆண்டின் சட்டம் வரையறுத்தது. இருவர் கூடி ஏற்பதாயின் அவர்கள் கணவனும் மனைவியுமாகவே இருக்கவேண்டும். தனித்த ஆடவர் ஒருவர் பெண்பிள்ளையை ஏற்க, விசேட காரணம் காட்டினாலன்றி நீதிமன்றம் அனுமதிக்காது.

சம்மதமே இவ்வழக்கின் உயிர்நாடி. பெற்றவள் ‘ஆம்’ என்று சொல்வது மாத்திரம் போதாது. தன் பிள்ளைமீது தனக்குள்ள உரிமை என்றென்றைக்குமாக நீங்கிவிடும் என்பதை விளங்கியே சொன்னாளா என்பதில் நீதிபதி திருப்தியடைய வேண்டும். பிள்ளையைக் கைவிட்டுச் சென்றவர், கண்டுபிடிக்க இயலாதவர், சம்மதம் கூறும் நிலையில் இல்லாதவர் ஆகியோரின் சம்மதத்தை விலக்கவும் நீதிமன்றுக்கு அதிகாரமுண்டு. பணம் கைமாறியதா என்பதும் ஆராயப்படும். மன்றின் அனுமதியின்றிப் பிள்ளைக்காகப் பணமோ வெகுமதியோ கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். ‘ஆசுபத்திரிச் செலவுக்கென்று ஏதோ கொடுத்தோம்’ என்னும் பேச்சு இங்கே செல்லாது.

பத்து வயதைக் கடந்த பிள்ளையாயின் அதன் சம்மதமும் வேண்டும். இச்சட்டத்தில் எமக்கு மிகப் பிடித்த பகுதி இதுவே. மணமகனையும் தொழிலையும் பெரியோரே தெரிந்து வழங்கிய ஒரு நாட்டில், பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்து ‘இவர்களிடம் இருக்க உனக்கு விருப்பமா?’ என்று கேட்கச் சட்டம் 1941 ஆம் ஆண்டிலேயே துணிந்தது. நீதிபதி உடனே தீர்ப்பளிக்க விரும்பாவிடின், இரண்டு ஆண்டுகளுக்கு மேற்படாத ஒரு காலத்திற்கு இடைக்காலக் கட்டளை பிறப்பித்து, பிள்ளை அவ்வீட்டில் எவ்வாறு வளர்கிறது எனப் பார்த்திருக்கவும் முடியும். ஈற்றில் கட்டளை பிறந்ததும், பதிவாளர் நாயகத்தின் கீழுள்ள மகவேற்கப்பட்ட பிள்ளைகள் பதிவேட்டில் விபரம் பதியப்படும்.

இத்தனை படிகளையும் கேட்டவுடன் குறுக்கு வழி தேடுவோர் உண்டு. பிறந்த குழந்தையை இரவோடிரவாக வாங்கி, தாமே பெற்றதாகப் பிறப்பைப் பதிந்துவிடுவதே அவ்வழி. பொய்ப் பதிவு குற்றம் என்பது ஒருபுறம் இருக்க, அதனால் பிள்ளைக்கு யாதொரு பாதுகாப்பும் இல்லை. சொத்து வழக்கு எழும் நாளில், பிரசவம் நடந்த ஆசுபத்திரியின் ஒரு பழைய பதிவு போதும், அப்பத்திரம் முழுவதும் பொய்யென்று நிறுவுவதற்கு. முறைப்படி மகவேற்கப்பட்டிருந்தால் கிடைத்திருக்கும் உரிமையும் அன்று கிடையாது.

பத்திரம் பொய்யாகும்போது பிள்ளை எதனை இழக்கும் என்பதற்கு எம் நாட்டிலேயே பெரியதோர் உதாரணம் உண்டு. 1970, 1980 ஆம் ஆண்டுப் பகுதிகளில் இலங்கைக் குழந்தைகள் ஏறத்தாழ 11,000 பேர் ஐரோப்பியக் குடும்பங்களுக்கு மகவேற்பின் பேரில் அனுப்பப்பட்டனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. ‘குழந்தைப் பண்ணைகள்’ பற்றிய செய்திகள் வெளிவந்ததையடுத்து 1987 இல் வெளிநாட்டு மகவேற்பு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. 1992 இல் சட்டம் இறுக்கமாக்கப்பட்டது. ஆயினும் உண்மையின் முழு உருவம் 2017 இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று வெளியான பின்னரே உலகறிய வந்தது. பெற்றவளென நீதிமன்றில் தோன்றிய பெண்களுட் சிலர் பணத்திற்காகத் தாயாக நடித்தவர்கள்! பத்திரத்தில் உள்ள பெயரைத் தேடி, நாற்பது வயதில் இந்நாட்டிற்கு வந்த மக்கள், அப்பெயருக்குரியவள் தம் தாயல்லள் என்று அறிந்து திரும்பினர். நெதர்லாந்து அரசு தான் நியமித்த ஆராய்ச்சிக்குழுவின் அறிக்கையைக் கண்டு, 2021 பெப்ரவரியில் வெளிநாட்டு மகவேற்புகளை இடைநிறுத்தியது. இதனையொத்த முறைகேடுகளுக்காகச் சுவிற்சர்லாந்து அரசும் 2020 இல் வருத்தம் தெரிவித்தது.

நாடுகளுக்கிடையிலான மகவேற்புப் பற்றிய 1993 ஆம் ஆண்டின் ஹேக் சமவாயத்தை முதன்முதலில் உறுதிப்படுத்திய மூன்று நாடுகளுள் இலங்கையும் ஒன்று என்பதையும் இங்கே கூறவேண்டும். அது நிகழ்ந்தது 1995 இல். புலம்பெயர்ந்து வாழும் எம் உறவினர், ஊரிலுள்ள உறவுப் பிள்ளையை ‘கூட்டிக்கொண்டு போய்விடலாம்’ என எண்ணுவதுண்டு. அவர்கள் வாழும் நாட்டின் அதிகார சபையும் இங்குள்ள நன்னடத்தை ஆணையாளரும் இதில் சம்பந்தப்படுவர். விமானச் சீட்டு எடுக்குமுன் அவ்விரு இடங்களிலும் விசாரித்தல் நன்று.

மகவேற்புக் கட்டளை பிறந்தபின் பிள்ளை, ஏற்றவர்களுக்கு முறைப்படி பிறந்த பிள்ளையாகவே கொள்ளப்படும். அவர்கள் மரணசாதனம் எழுதாது இறந்தாலும் உரித்துண்டு. ஒரு நுணுக்கம் மாத்திரம் நினைவிலிருக்கட்டும். வளர்த்த தந்தை தம் தகப்பனாருக்கு முன்னரே இறந்துபோனாரெனின், அவருடைய இடத்தில் நின்று பேரனாரின் சொத்தில் பங்கு கேட்கும் உரிமையைச் சட்டம் அப்பிள்ளைக்கு வழங்கவில்லை. ஆகவே பேரனாருக்கு அப்பிள்ளைமீது பிரியமிருப்பின், அவர் தாமே அதன் பெயர் குறித்து உறுதியோ மரணசாதனமோ எழுதி வைக்கவேண்டும். இவ்விடயத்தில் நல்ல நொத்தாரிசு ஒருவரின் ஆலோசனை, பத்து உறவினரின் ஆலோசனையிலும் மேலானது.

பிள்ளைக்கு எப்பொழுது சொல்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. சொல்லாமலே விட்டுவிடலாம் என்று நினைப்போரே எம்மிடத்தில் மிகுதி. எமது அபிப்பிராயம் அதற்கு மாறானது. கலியாணப் பேச்சு எழும் காலத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஊரெல்லாம் விசாரிப்பர். அயலவர் ஒருவர் வாயிலிருந்தோ, செத்த வீட்டுப் பந்தலில் நிகழும் சச்சரவொன்றிலோ அது வெளிப்பட்டே தீரும். அதனிலும், விளங்கத் தொடங்கும் வயதிலே தாயின் வாயிலிருந்து கதைபோலக் கேட்டு வளரும் பிள்ளைக்கு அது ஓர் அதிர்ச்சியாக இராது. பிள்ளை வளர்ந்தபின் ‘என்னைப் பெற்றவர் யார்?’ என்று கேட்டால், அதனை நன்றிகெட்ட கேள்வியெனக் கொள்ள வேண்டியதில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்தோரும் நன்றி மறந்தவரல்லர்.

அந்நாளில் முதலில் தேவைப்படுவன வழக்கிலக்கமும் நீதிமன்றின் பெயரும் கட்டளையின் திகதியுமே. கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதிகள் இரண்டைப் பெற்று, ஒன்றை வீட்டுறுதியோடும் மற்றொன்றை வேறிடத்திலும் வைத்துக்கொள்க. இடப்பெயர்வுகளின்போது உறுதிப் பெட்டியையே இழந்த குடும்பங்கள் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ உள. அவ்வாறு இழந்தோர், வழக்கிலக்கம் நினைவிலிருப்பின் நீதிமன்றக் காரியாலயத்திலும், இல்லையேல் பதிவாளர் நாயகத்தின் காரியாலயத்திலும் விண்ணப்பிக்கலாம்.