கணக்காய்வு நிறுவனத்தில் முதல் வருடம்: எமது பிள்ளைகளும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டியவை

உயர்தர வர்த்தகப் பிரிவுப் பெறுபேறுகள் வெளியானதும் எமது ஊர்களில் பட்டயக் கணக்கியல் பற்றிய பேச்சு எழும். பிள்ளை இலங்கை பட்டயக் கணக்காளர் நிறுவனத்தில் பதிவு செய்து, பரீட்சைகளை எழுதி, கொழும்பிலுள்ள பெரிய கணக்காய்வு நிறுவனமொன்றில் பயிலுனராகச் சேர்ந்தால் வீட்டுக்கே பெருமை. ஆனால் ஆறு மாதத்தில், "இது எனக்குச் சரிவராது உம்மா" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்புவோரும் இருக்கின்றனர்.

இவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர். அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை யாரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பயிலுனரின் வேலை என்ன?

கணக்காய்வாளர் கம்பனியின் கணக்கை எழுதுபவர் அல்லர். கம்பனி தயாரித்த நிதிக்கூற்றுகள் உண்மையையும் நியாயத்தையும் காட்டுகின்றனவா என்று சுயாதீனமாக ஆராய்ந்து அபிப்பிராயம் சொல்பவர். அந்த அபிப்பிராயத்துக்கான சான்றுகளைச் சேகரிப்பதுதான் பயிலுனரின் பணி.

நடைமுறையில் அது இப்படித்தான் தொடங்கும். பேரேட்டில் உள்ள செலவுக்கு உரிய பில், வவுச்சர், அனுமதிக் கையொப்பம் இருக்கின்றனவா என்று பைல் பைலாகப் பார்க்க வேண்டும். வங்கி மீதியை உறுதிப்படுத்தும் கடிதம் கம்பனியின் கைக்குப் போகாமல் வங்கியிலிருந்து நேரடியாகக் கணக்காய்வாளருக்கு வருகிறதா என்று கவனிக்க வேண்டும். காசுப் பெட்டியை எண்ண வேண்டும். வருட இறுதியில் களஞ்சியத்துக்குப் போய் ஸ்டொக் எண்ணுவதைப் பார்வையிட வேண்டும்.

பரீட்சையில் சிக்கலான கேள்விகளுக்கு விடை எழுதிய பிள்ளைக்கு இது எழுதுவினைஞர் வேலை போலத் தோன்றும். மனம் உடைவது இங்கேதான்.

ஒரு டிக்கின் பெறுமதி

களஞ்சியத்தில் 400 பெட்டிகள் என்று பட்டியல் சொல்கிறது என வைத்துக்கொள்வோம். பட்டியலிலிருந்து சிலவற்றைத் தெரிந்து அவை அங்கே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு, அங்கே கிடப்பவற்றில் சிலவற்றைத் தெரிந்து அவை பட்டியலில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். முதலாவது சோதனை இல்லாத பொருளைக் காட்டிக்கொடுக்கும். இரண்டாவது, கணக்கில் சேராத பொருளைக் காட்டிக்கொடுக்கும். சில பெட்டிகளைத் திறந்தும் பார்க்க வேண்டும். வெற்றுப் பெட்டியும் எண்ணிக்கையில் ஒரு பெட்டிதான்.

நேரம் இரவு எட்டு மணி. களஞ்சியப் பொறுப்பாளர் தேநீர் தந்து, "மேல் தட்டில் உள்ளதும் இதே சாமான்தான் தம்பி, டிக் போடுங்க" என்கிறார். அங்கே பெரும்பாலும் சீனியரும் இருக்கமாட்டார், மெனேஜரும் இருக்கமாட்டார். அறிக்கையில் கையொப்பமிடும் பங்காளர் நீங்கள் போட்ட டிக்கை நம்பியே கையொப்பமிடுகிறார். அந்த அறிக்கையை நம்பி வங்கி கடன் கொடுக்கிறது, பங்குதாரர் பணம் போடுகிறார்.

காணாததைக் கண்டதாகப் பதிவதை எமது மார்க்கம் என்னவென்று சொல்லும் என்பதை விளக்கத் தேவையில்லை. தொழிலின் சர்வதேச ஒழுக்கக்கோவையும் நேர்மை, பக்கச்சார்பின்மை, தொழில்சார் தகைமையும் உரிய கவனமும், இரகசியம் பேணல், தொழிலுக்கேற்ற நடத்தை என ஐந்து அடிப்படைகளை வைக்கிறது. அல்குர்ஆனின் மிக நீளமான வசனமான சூரா அல்பகராவின் 282 ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை நீதியாக எழுதி வைப்பதையும் சாட்சிகளையும் பற்றியதாகும். அமானிதம் என்று நாம் மிம்பரில் கேட்பது களஞ்சியத்தின் மேல் தட்டில் சோதிக்கப்படுகிறது.

நேரமும் அமல்களும்

இலங்கையில் பெரும்பாலான கம்பனிகளின் நிதியாண்டு மார்ச் 31 இல் முடிகிறது. வங்கிகளுக்கு அது டிசம்பர் 31. ஆகவே ஜனவரி முதல் ஜூன் வரை வேலை நெருக்கும். இந்த வருடங்களில் ரமழானும் அதே காலப்பகுதியில் வருகிறது. 2025 இல் நோன்புப் பெருநாள் மார்ச் 31 ஆம் திகதியே வந்தது.

ஜும்ஆ, தொழுகை, இப்தார், பெருநாள் விடுமுறை ஆகியவற்றைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சீனியரிடம் மரியாதையாகச் சொல்லிவிடுவது நல்லது. சொல்லாமல் எழுந்து போவதுதான் மனக்கசப்பை உண்டாக்கும். ஒரு போயா தினத்திலோ புத்தாண்டுக் காலத்திலோ சகோதர இன நண்பரின் வேலையை நாம் பொறுப்பேற்றால், பெருநாளன்று நமது வேலையை அவர் பொறுப்பேற்பார். பெண் பிள்ளைகள் இரவுப் போக்குவரத்து, வெளியூர் வேலை பற்றி நேர்முகப் பரீட்சையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அது தவறான கேள்வி அல்ல.

வட்டி சார்ந்த வங்கிகளின் கணக்காய்வில் பங்குபற்றலாமா என்ற தயக்கமும் பலருக்கு உண்டு. அதை மனதில் வைத்துக் குமையாமல், வேலையின் தன்மையைத் தெளிவாக விளக்கி அறிஞரிடம் கேட்க வேண்டும். கடன் ஒப்பந்தம் எழுதுவதும், எழுதிய கணக்கைப் பரிசோதிப்பதும் ஒரே வேலையல்ல என்பதைக் கேட்பவர்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். தீர்ப்பு அறிஞருடையது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

நடைமுறைப் பயிற்சி மூன்று வருடங்கள். அக்காலத்தில் கிடைப்பது சம்பளம் அல்ல, ஒரு கொடுப்பனவு. கொழும்பில் போர்டிங், சாப்பாடு, பஸ் செலவுக்கு அது போதாமல் போகலாம். வேலை முடிந்து இரவில் பரீட்சைக்கும் படிக்க வேண்டும். "கத்தாருக்குப் போனவன் வீடு கட்டிவிட்டான், நீ இன்னும் என்னிடம் காசு கேட்கிறாய்" என்ற ஒரு சொல், இரண்டு வருட உழைப்பைக் கைவிட வைத்துவிடும். முடிந்தால் மாதமொரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். முடியாவிட்டால் அந்த ஒப்பீட்டையாவது தவிருங்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஊர்ச் சங்கங்களும் பரிசளிப்பு விழாவுடன் நின்றுவிடாமல், கொழும்பில் பயிற்சி பெறும் ஓரிரு பிள்ளைகளின் போர்டிங் செலவைப் பொறுப்பேற்கலாம். பயிற்சியை முடித்தவர்கள் ஊருக்கு வரும்போது, புதிதாகச் சேரப்போகும் பிள்ளையை ஒரு மணிநேரம் அருகில் உட்காரவைத்து முதல் வருடம் எப்படியிருக்கும் என்று சொல்லிக்கொடுக்கலாம். அதற்கு மேடையும் தேவையில்லை, பொன்னாடையும் தேவையில்லை.