ஒரே நோயாளி, இருவேறு நியாயம்: ஜேர்மனியில் இயன்மருத்துவம் பயிலும் மாணவர் நிலை

ஜேர்மனியில் வளர்ந்த பிள்ளை பத்தாம் வகுப்பை முடித்துத் தொழிற்கல்வி ஒன்றைத் தேடும்போது, எமது பெற்றோர் எண்ணிப் பார்க்கும் துறைகளுள் இயன்மருத்துவமும் ஒன்று. பிசியோதெரபி என்று சொன்னாற்தான் பலருக்கும் விளங்கும். வெள்ளைச் சட்டை, வைத்தியசாலைச் சூழல், மூன்றாண்டுப் படிப்பு, முடித்ததும் வேலை நிச்சயம். இவையனைத்தும் உண்மை. இத்துறையில் ஆளணித் தட்டுப்பாடு நிலவுவதை ஜேர்மனிய அரசே ஒப்புக்கொண்டுள்ளது. ஆனால் அந்த மூன்றாண்டு எவ்வாறு கழிகின்றது, அதில் மாணவர் குரலுக்கு என்ன இடம் உண்டு என்பவற்றை, பாடசாலையுடன் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவதற்கு முன்னர் விசாரிப்போர் சிலரே.

ஐரோப்பாவின் ஏனைய பல நாடுகளில் இயன்மருத்துவம் பல்கலைக்கழகக் கல்வி. ஜேர்மனியில் அது பெரும்பாலும் தொழிற்பாடசாலைக் கல்வியாகவே இருந்து வருகின்றது. 1994 மே 26இல் இயற்றப்பட்ட சட்டமே இதற்கு அடிப்படை. அதுவரை மேற்கு ஜேர்மனியில் 'கிராங்கன்கிம்னாஸ்ற்' என வழங்கிய தொழிலுக்கு, கிழக்கு ஜேர்மனியில் ஏற்கெனவே வழக்கிலிருந்த 'பிசியோதெரபொய்ற்' என்ற பெயரை அச்சட்டம் சூட்டியது. இரு ஜேர்மனிகளும் இணைந்தபோது மேற்கு கிழக்கிடமிருந்து ஏற்றுக்கொண்டவை மிகச் சிலவே. அவற்றுள் இப்பெயரும் ஒன்று என்பது சுவையான செய்தி.

பெயரை மாற்றிய சட்டம் மாணவரின் பணப்பையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. தாதியர் பயிற்சி பெறுவோருக்கு மாத ஊதியம் சட்டத்திலேயே உறுதி செய்யப்பட்டுள்ளது. 2020இல் நடைமுறைக்கு வந்த புதிய தாதியர் சட்டம், அவர்களிடம் பாடசாலைக் கட்டணம் அறவிடுவதையும் தடை செய்தது. இயன்மருத்துவ மாணவருக்கு 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஊதியமும் வழங்கவில்லை, கட்டணத்தையும் தடுக்கவில்லை. பாடசாலைகளிற் பல தனியார் வசம் உள்ளமையால் அவை விதித்ததே கட்டணமாயிற்று. மாதம் 400 யூரோ எனக் கணக்கிட்டால் மூன்றாண்டுகளில் 14,400 யூரோ. துப்புரவு வேலையிலும் உணவகச் சமையற்கட்டிலும் உழைத்துப் பிள்ளையைப் படிப்பிக்கும் குடும்பத்துக்கு இது எத்துணை பெரிய தொகை என்பதை எமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

கட்டணம் வாங்கிக்கொண்டு வகுப்பறையில் மட்டும் அமர்த்தியிருந்தால் அதை ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். 1994 டிசம்பரில் வெளியான பயிற்சி மற்றும் பரீட்சை ஒழுங்குவிதிகள், 2,900 மணி நேரப் பாடங்களுடன் 1,600 மணி நேரம் நோயாளரிடம் நேரடிப் பயிற்சியையும் கட்டாயமாக்கியுள்ளன. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்றால் இது 200 வேலை நாட்கள். சத்திரசிகிச்சை, உள்மருத்துவம், எலும்பு மூட்டு மருத்துவம், நரம்பியல் ஆகிய நான்கு பிரிவுகளிலும் தலா 240 மணி நேரம். அதன் பின்னர் குழந்தை மருத்துவம், உளமருத்துவம், பெண்ணோயியல் முதலானவை.

இடுப்பு மூட்டு மாற்றப்பட்ட முதியவரைச் சத்திரசிகிச்சைக்கு மறுநாளே கட்டிலிலிருந்து எழுப்பி, ஊன்றுகோலுடன் நாலடி நடக்க வைப்பது இந்த மாணவரின் வேலை. பாரிசவாதத்தால் ஒரு பக்கம் விழுந்தவரின் கையை விரல் விரலாக இயங்கப் பழக்குவதும், சுவாசிக்கச் சிரமப்படுபவருக்கு நெஞ்சுச் சளியை வெளியேற்றத் துணைநிற்பதும் அவரது வேலையே. அருகில் நின்று வழிகாட்ட அனுபவமிக்க ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதியின் நோக்கம். ஆளணி போதாத வைத்தியசாலையில் அந்த ஒருவருக்கு வேறு பத்து நோயாளர் காத்திருப்பர். கற்க வந்தவர் எந்த நாளில் வேலையாளாக மாறினார் என்பதை எவரும் குறித்து வைப்பதில்லை. மாணவர் முறைப்பாடுகளில் அடிக்கடி எழுவது இதுதான்: நாம் கற்கின்றோமா, இல்லை வெற்றிடத்தை நிரப்புகின்றோமா?

2018இல் இந்த மௌனம் கலைந்தது. 'எல்லையைத் தொட்டுவிட்ட சிகிச்சையாளர்' என்ற பொருள்படும் பெயரில் ஓர் இயக்கம் உருவாயிற்று. பிராங்பேர்ட் நகரின் இயன்மருத்துவர் ஒருவர், சக தொழிலாளர் எழுதிய முறையீட்டுக் கடிதங்களைத் திரட்டி, துவிச்சக்கர வண்டியிலேயே பேர்லின் வரை சென்று, அப்போதைய சுகாதார அமைச்சர் ஜென்ஸ் ஸ்பானின் அமைச்சுக்கு எடுத்துச் சென்றார். குறைந்த வருமானமும் பாடசாலைக் கட்டணமும் அக்கடிதங்களில் முக்கிய இடம் பெற்றன. அதே ஆண்டில் அமைந்த கூட்டணி அரசின் ஒப்பந்தம், சுகாதாரத் தொழில்களுக்கான பாடசாலைக் கட்டணத்தை ஒழிப்பதாக எழுத்தில் வாக்களித்திருந்தது. நாடு முழுவதற்குமான சட்டம் உடனே வரவில்லை. மாநிலங்களே ஒவ்வொன்றாக முன்வந்தன. எமது மக்கள் செறிந்து வாழும் நோர்ட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலம் 2018 செப்டெம்பர் முதல் கட்டணத்தில் 70 சதவீதத்தையும், 2021 முதல் முழுவதையும் பொறுப்பேற்றது. பவேரியா, ஹம்பேர்க், ஷ்லேஸ்விக் ஹோல்ஸ்ரைன், நீடர்சக்சன் ஆகியனவும் 2019இல் தத்தம் வழியில் கட்டணத்தை நீக்கின.

இதே காலத்தில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. வேர்டி தொழிற்சங்கத்தின் பேச்சுவார்த்தையின் விளைவாக, 2019 ஜனவரி முதல் பல்கலைக்கழக வைத்தியசாலைகளிலும் உள்ளூராட்சி வைத்தியசாலைகளிலும் இயன்மருத்துவம் பயிலும் மாணவர் ஊதியம் பெறலாயினர். முதலாம் ஆண்டில் மாதம் சுமார் 965 யூரோ, மூன்றாம் ஆண்டில் சுமார் 1,122 யூரோ என அது தொடங்கியது. வரவேற்கத்தக்க வெற்றிதான். ஆனால் வைத்தியசாலையுடன் இணையாத தனியார் பாடசாலை மாணவர் இதற்குள் அடங்கவில்லை. விளைவு என்ன? ஒரே நோயாளர் விடுதியில், ஒரே நோயாளியின் இருபுறமும் இரு மாணவர் நிற்கின்றனர். ஒருவருக்கு மாத முடிவில் சம்பளம். மற்றவருக்கு எதுவுமில்லை; அவர் பயிலும் மாநிலத்தைப் பொறுத்து, கட்டணப் பற்றுச்சீட்டும் வரக்கூடும். இருவரும் எழுதுவது ஒரே அரச பரீட்சை. இந்த வேறுபாட்டுக்கு எந்தக் கல்வி நியாயமும் எமக்குத் தென்படவில்லை.

'பாஃபேக்' எனப்படும் கல்வி உதவிப்பணம் உண்டே என்பர். உண்டு, பாடசாலை மாணவர் அதனைத் திருப்பிச் செலுத்தத் தேவையுமில்லை. ஆயினும் அது பெற்றோரின் வருமானத்தைப் பார்த்துக் கணிக்கப்படுவது. தனியார் பாடசாலைக் கட்டணத்தை அது கணக்கில் கொள்வதில்லை. டுல்டுங் வைத்திருப்போர் நாட்டில் 15 மாதங்கள் கழித்த பின்னரே விண்ணப்பிக்க முடியும்.

பரீட்சையில் சித்தியடைந்தாலும் செலவு ஓய்வதில்லை. நிணநீர் வடிப்புச் சிகிச்சைக்கு 170 மணி நேரமும், மூட்டுக்களைக் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சைக்கு 260 மணி நேரமும் தனியாகப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் காட்டினாலன்றி, மருத்துவக் காப்புறுதி நிறுவனங்கள் அச்சிகிச்சைகளுக்குப் பணம் வழங்குவதில்லை. மூன்றாண்டுகள் கற்றுத் தேறியவர் அன்றாடம் தேவைப்படும் சிகிச்சைகளைக் கற்க மீண்டும் பணம் கட்டுகின்றார். அவ்வாறாயின் அந்த மூன்றாண்டுப் பாடத்திட்டம் எதற்காக என்று மாணவர் கேட்பதில் தவறில்லை.

இனி நிர்வாகத்தின் கையிலுள்ள அதிகாரத்தைப் பார்ப்போம். அரச பரீட்சைக்குத் தோற்ற, வகுப்புகளிலும் பயிற்சியிலும் ஒழுங்காகவும் வெற்றிகரமாகவும் பங்குபற்றினார் என்ற சான்றிதழைப் பாடசாலை வழங்க வேண்டும். நோய், கர்ப்பம் முதலிய காரணங்களால் விடுபட்ட காலத்தில் 12 வாரங்கள் வரையே சட்டம் ஏற்றுக்கொள்கின்றது. அதற்கு மேற்பட்டால், விசேட இன்னலைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். பரீட்சைக் குழுவுக்கு அரச அதிகாரி தலைமை தாங்கினாலும், அதில் பாடசாலையின் ஆசிரியர்களும் அமர்கின்றனர். ஒவ்வொரு பகுதியையும் ஒரு தடவை மட்டுமே மீண்டும் எழுதலாம். கற்பிப்பவரும், கட்டணம் வாங்குபவரும், சான்றிதழ் தருபவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கையில், பயிற்சி விடுதியில் வழிகாட்டி வருவதில்லை என்று முறையிட எந்த மாணவர்தான் துணிவார்?

எமது இளையோரிற் சிலருக்கு இந்த அச்சம் இரட்டிப்பு. தொழிற்பயிற்சிக் காலத்துக்கென வழங்கப்படும் டுல்டுங் 2020இலிருந்து தனியொரு சட்டப்பிரிவின் கீழ் உள்ளது. 2024 மார்ச் முதல் அதற்கு இணையான வதிவிட அனுமதியும் உண்டு. பயிற்சி இடையில் முறிந்தால், பொதுவாக இரு வாரங்களுக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவிக்கப் பாடசாலை கடமைப்பட்டுள்ளது. வேறு பயிற்சியிடம் தேட ஒரேயொரு தடவை ஆறு மாத அவகாசம் கிடைக்கும். ஜேர்மனிய மாணவருக்குப் பாடசாலையிலிருந்து விலக்கப்படுவது ஓர் ஆண்டு இழப்பு. இவருக்கோ அது நாட்டில் இருப்பதா இல்லையா என்ற கேள்வி. நிர்வாகங்கள் இதனை அறிந்தே வைத்துள்ளன. தம் பிடியில் இத்தகைய மாணவர் இருக்கையில் கூடுதல் நிதானம் காட்டுவது அவற்றின் கடமை என்பது எமது கருத்து.

ஊதியத்தை உறுதி செய்து கட்டணத்தை நாடெங்கும் ஒழிக்கும் புதிய சட்ட வரைவொன்றை 2023இன் பிற்பகுதியில் சுகாதார அமைச்சு வெளியிட்டது. 2024 நவம்பரில் கூட்டணி முறிந்தபோது அவ்வரைவு சட்டமாகாமலே நின்றுபோயிற்று.

ஆகையால் பழைய ஒழுங்குவிதிகளில் உள்ளவற்றையேனும் பெற்றோரும் மாணவரும் அறிந்திருத்தல் நலம். பாடசாலையுடன் செய்வது தனியார் ஒப்பந்தம். விலகுவதற்கான காலக்கெடு, இடைநடுவில் நின்றால் செலுத்த வேண்டிய தொகை ஆகியவற்றை வாசித்த பின்னரே கையொப்பமிட வேண்டும். பரீட்சை முடிவோ அரச நிர்வாகத் தீர்மானம். அதனை எதிர்க்க வழமையாக ஒரு மாத காலம் உண்டு; ஆட்சேபனை மனுவா, நேரே வழக்கா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பரீட்சையில் நடந்தவை குறிப்பேட்டில் பதியப்பட வேண்டும். எழுத்துப் பரீட்சையை இரு பரீட்சகராவது மதிப்பிட வேண்டும். பரீட்சை முடிந்த பின்னர் எழுத்தில் விண்ணப்பித்தால், மாணவர் தமது விடைத்தாள்களையும் குறிப்பேட்டையும் நேரிற் பார்வையிடலாம். விடைத்தாள்களை மூன்று ஆண்டுகளும் குறிப்பேடுகளைப் பத்து ஆண்டுகளும் பேணிவைக்க வேண்டும் என்பது விதி.